செருப்புக்காகக் காலை வெட்டுவதா?

கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கே வாணியம்பாடி நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பர்கூர். சாலையோரத்தில் துணிக்கடைகள், சற்றுத் தள்ளிச் சிப்காட் தொழிற்பேட்டை, அதற்கும் அப்பால் கருங்கல் குன்றுகள், குன்றுகளுக்கு நடுவே மாந்தோப்புகளும் கேழ்வரகுக் கொல்லைகளும். ஆலையிலே ஷிப்டு முடித்துவிட்டு வீடு திரும்பும் தோழர்கள் பலருக்கு ஊரிலே இரண்டு ஏக்கர் நிலமும், கொட்டகையிலே இரண்டு மூன்று கறவை மாடுகளும் உண்டு. பகலிலே தொழிலாளி, மாலையிலே உழவன்! பாதிக் குடும்பத்தைக் கூலி காக்கிறது. மீதிக் குடும்பத்தைப் பால் காக்கிறது.

அந்த மாட்டுக்குப் புல் அறுப்பது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். விடியுமுன் கருக்கரிவாளோடு கொல்லைக்குப் போய், குனிந்த முதுகு நிமிராமல் அறுத்து, தலைச்சுமையாகக் கட்டிச் சுமந்து வருகிறார்கள். இந்தப் பாட்டைக் குறைக்க இயந்திரம் வேண்டும் என்று தோழர்கள் கேட்பதிலே தவறில்லை. வேண்டும் என்றே நாமும் சொல்கிறோம். ஆனால் எந்த இயந்திரம்? எவ்வளவு பெரியது? யார் பெயரில், யார் கடனில்? இந்தக் கேள்விகளைக் கேட்காமல், கண்காட்சியிலே கண்ட பளபளப்பில் மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், புல்லை அறுக்க வந்த கத்தி குடும்பத்தின் கழுத்தை அறுக்கும். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் மாட்டின் வயிறு

இயந்திரத்தின் விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன், மாட்டின் வயிற்றுக் கணக்கை எடுப்போம். கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ பசுந்தீவனம் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாடுகளுக்கு 75 கிலோ. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைக் கிணற்றுப் பாசனத்தில் நட்டால், நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஓர் அறுப்பு. பல்கலைக்கழகம் சொல்லும் விளைச்சலில் பாதிதான் நம் நிலத்தில் கிடைக்கிறது என்று குறைத்தே போட்டாலும், ஓர் அறுப்புக்கு ஏக்கருக்குப் பத்து டன் தேறும். அதாவது, சென்டுக்கு 100 கிலோ. அப்படியானால் மூன்று மாட்டுக்காரர் ஒரு நாளைக்கு அறுக்க வேண்டியது எவ்வளவு? முக்கால் சென்ட்!

முக்கால் சென்ட் புல்லை அறுக்க டிராக்டர் எதற்கு? அதன் பின்னே ஒரு பெரிய இயந்திரம் எதற்கு? கொல்லை முனையில் வண்டியைத் திருப்புவதற்குள் அறுப்பு முடிந்துவிடுமே! மேலும், நேப்பியர் தூர் தூராக நிற்கும் புல். அடித்தூர் கட்டையாகி முற்றியிருக்கும். அதன் மேல் டிராக்டர் சக்கரத்தை ஏற்றினால் அடுத்த தழைப்பு கெடும். இந்தத் தோழருக்கு வேண்டியது தோளில் மாட்டிக்கொள்ளும் பிரஷ் கட்டர் ஒன்றும், தீவனம் நறுக்கும் இயந்திரம் ஒன்றும்தான். அரைமணி நேரத்தில் வேலை முடியும். அவரிடம் போய், ‘டிராக்டரோடு சேர்த்து மோயரும் எடுத்துக்கொள்ளுங்கள், மானியம் இருக்கிறது’ என்று சொல்கிறவர் அவருக்கு நண்பரல்ல.

பிறகு டிராக்டர் மோயர் யாருக்கு? ஒரே நேரத்தில் ஏக்கர் கணக்கில் அறுத்து, உலர்த்தி, சேமித்து வைக்க வேண்டியவருக்கு. மழைக்குப் பிறகு மாந்தோப்பில் மரவரிசைகளின் நடுவே இடுப்பளவு வளரும் புல்; மானாவாரிக் கொல்லையில் விதைத்த கொழுக்கட்டைப் புல்; பலமுறை அறுக்கும் தீவனச்சோளம். இவற்றைக் கோடைக்காகக் காய்ந்த தீவனமாக்கி வைக்க வேண்டுமானால் நாள் முக்கியம். பசும்புல்லின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அதை 15 விழுக்காட்டு ஈரத்துக்குக் கொண்டுவந்தால்தான் போர் போட முடியும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு. நூறு கிலோ பச்சைப்புல் காய்ந்தால் ஏறத்தாழ 23 கிலோதான் மிஞ்சும். அதற்குள் ஒரு மழை பெய்தால் அதுவும் போச்சு. ஆகவே மேகம் வருமுன் அறுத்து, புரட்டி, வாரி முடிக்க வேண்டும். இங்கேதான் இயந்திரத்துக்கு வேலை.

இரண்டு வகைக் கத்திகள்

டிராக்டர் மோயரில் நம் பக்கத்துக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு வகை. ஒன்று கத்திரி வகை: நீண்ட சட்டத்தில் முக்கோணப் பற்கள் வரிசையாக நிற்க, அவை பக்கவாட்டில் ஓடியாடிக் கத்தரிக்கோல் போல் புல்லை நறுக்கும். மற்றது சுழல் வகை: உருண்டை டிரம்களோ தட்டுகளோ அதிவேகத்தில் சுழல, அவற்றின் ஓரத்தில் தொங்கும் சிறு கத்திகள் புல்லை அடித்து வெட்டும்.

சுழல் வகை வேகமானது. சாய்ந்த புல், அடர்ந்த புல், ஈரப்புல் எதுவானாலும் சிக்காமல் வெட்டும். கத்திரி வகையோ சாய்ந்து பின்னிய புல்லில் அடைத்துக்கொள்ளும்; பல்லைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதை நாம் மறைக்கப் போவதில்லை. விற்பனையாளர் சொல்வதும் இதைத்தான். ஆனால் அவர் சொல்லாமல் விடும் கணக்கு ஒன்றிருக்கிறது.

கத்திரி வகைக்கு, வெட்டும் அகலம் மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறன் போதும் என்பது வேளாண் பொறியாளர்கள் போடும் கணக்கு. ஐந்தடிச் சட்டத்துக்கு இரண்டரைக் குதிரைத்திறன். சுழல் வகைக்கோ மீட்டருக்கு ஆறேழு குதிரைத்திறன். ஐந்தரை அடிக்குப் பதினொன்று! இது வெட்டுவதற்கு மட்டும். டிராக்டர் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேடேற வேண்டியது தனி.

நம் ஊரில் ஓடும் சிறு டிராக்டரைப் பாருங்கள். 1967-இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் ஓசூரிலேயே சிறு டிராக்டர்களைச் செய்கிறது. இந்த ரகத்தில் 18.5 குதிரைத்திறன் வண்டி மாந்தோப்புக்குள் மரக்கிளை இடிக்காமல் புகுந்து வரும். சிறு உழவருக்கு ஏற்றது. ஆனால் 18.5 என்பது இஞ்சினின் திறன். இயந்திரத்தைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. வண்டியின் எடையும் ஒரு டன்னுக்குள். டிரம் மோயரோ 350, 400 கிலோ எடையில் பின்னாலும் பக்கத்திலும் நீட்டிக்கொண்டு தொங்கும். வரப்பிலே ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். சரிவிலே திரும்பும்போது வண்டி சாயும். இஞ்சின் இழுக்கிறதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. வண்டி கவிழாமல் தாங்குகிறதா என்றும் கேட்க வேண்டும். ஓட்டுகிறவன் உயிர் அதிலே இருக்கிறது.

‘அப்படியானால் பெரிய டிராக்டராகவே வாங்கிவிடலாமே’ என்பார் விற்பனையாளர். செருப்பு சேரவில்லை என்றால் காலை வெட்டிக்கொள்ளச் சொல்வது போலிருக்கிறது இது. மோயருக்காக டிராக்டர், டிராக்டருக்காகக் கடன், கடனுக்காக மாடு விற்பனை, மாடு போனபின் மோயர் எதற்கு?

முக்கால் மணி நேரத்தின் விலை

வேகத்தின் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். ஐந்தடிக் கத்திரி மோயரை மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திருப்பங்களுக்கும் நிறுத்தங்களுக்கும் கால் பங்கு நேரத்தைக் கழித்தபின், மணிக்கு 1.4 ஏக்கர் அறுக்கும். ஐந்தரை அடி டிரம் மோயரைப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் மூன்று ஏக்கர். இரண்டு ஏக்கர்க்காரருக்கு முன்னது ஒன்றரை மணி நேரம். பின்னது நாற்பது நிமிடம். மிச்சம் முக்கால் மணி நேரம்! ஆண்டுக்கு மூன்று அறுப்பு என்றால் மிச்சம் இரண்டேகால் மணி நேரம். இந்த இரண்டேகால் மணி நேரத்துக்காகவா ஆண்டு முழுவதும் தவணை கட்டுவது?

அதுவும், பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட நம் நிலம் இடம் கொடுக்குமா? கிருஷ்ணகிரி மண் கருங்கல்லின் பிள்ளை. உழுதால் கல் மேலே வரும். மழை பெய்தால் கல் மேலே வரும். கொல்லைக்குக் கொல்லை வரப்பு, வரப்புக்கு வரப்புப் புற்று. வேகமாகச் சுழலும் கத்தி கல்லிலே பட்டால் அந்தக் கல் குண்டு போலப் பறக்கும். கத்திரி வகையிலோ பல் ஒன்று உடையும். உடைந்த பல்லை ரிவெட் தட்டிக் கழற்றி வேறொரு பல்லை மாட்ட, ஊர்க் கொல்லரும் போதும். ஓசூர் ஆலையில் வேலை பார்க்கும் பிட்டர் தோழர் ஒருவரும் போதும். டிரம்முக்குள் இருக்கும் பல்சக்கரம் உடைந்தால்? உதிரிப் பாகம் எங்கிருந்து வரும், எத்தனை நாளில் வரும்? அதற்குள் அறுத்த புல் காயுமா, அழுகுமா?

ஆகவே நம் கருத்தைத் திறந்தே சொல்கிறோம். மூன்று நான்கு மாடு, பாசனப் புல் என்றால் பிரஷ் கட்டர். சிறு டிராக்டர், கல் பொறுக்கிய தோப்பு, சில ஏக்கர் காய்புல் என்றால் நாலடி, ஐந்தடிக் கத்திரி மோயர். டிரம் மோயரா? ஊரிலே முப்பது, நாற்பது ஏக்கர் தீவனம் ஒன்றாகச் சேர்ந்து, நாற்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டரும் இருந்தால் அதுவும் வரலாம். ஆனால் அது தனி ஒருவர் வீட்டுக்கு வரவேண்டாம், குழுவுக்கு வரட்டும்.

யாருடைய இயந்திரம்?

இங்கே ஒரு வரலாற்றை நினைவூட்ட வேண்டும். அறுவடை இயந்திரத்தை 1831-இல் அமெரிக்க நாட்டின் வர்ஜீனியாவில் ஓட்டிக் காட்டியவர் மெக்கார்மிக். முன்னும் பின்னும் ஆடும் கத்தி அதிலே இருந்தது. இன்றைய கத்திரி மோயரின் முன்னோர்களில் அதுவும் ஒன்று. பிறகு சிகாகோ நகரில் அவருடைய ஆலை எழுந்தது. 1886 மே 3-ஆம் நாள், எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்த நேரத்தில், அந்த மெக்கார்மிக் ஆலை வாயிலில்தான் போலீசார் சுட்டனர், தொழிலாளர்கள் மாண்டனர். அதைக் கண்டித்து மறுநாள் கூடிய கூட்டமே ஹேமார்க்கெட் கூட்டம். மே தினத்தின் பிறப்பு அது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி அந்த நாளைக் கொண்டாடினார்.

பயிரறுக்கும் இயந்திரம் செய்த ஆலையின் வாயிலிலே மே தினம் கருக்கொண்டது என்பதைத் தோழர்கள் மறக்கலாகாது. இயந்திரம் உழைப்பாளிக்குப் பகையுமல்ல, உறவுமல்ல. அது யார் கையில் இருக்கிறது, அதன் பலன் யார் வீட்டுக்குப் போகிறது என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. உழவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சிறு, குறு உழவர்கள். இந்த நாட்டிலே ஒவ்வொருவரும் தனித்தனியே இயந்திரம் வாங்குவது என்றால், இயந்திரங்கள் கொட்டகையில் துருப்பிடிக்கும். வட்டி மட்டும் துருப்பிடிக்காமல் வளரும்.

மானியம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு உழவர்க்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் பாதி விலை வரை மானியம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் புல் அறுக்கும் இயந்திரங்கள் மீதான ஜி.எஸ்.டி. வரியும் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் பாதி மானியம் என்றால் மீதிப் பாதி யார் தலையில்? தேவையில்லாத பொருள் பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது நட்டமே.

வழி இருக்கிறது. 2017-18-இல் தமிழக அரசு கூட்டுப் பண்ணையத் திட்டம் கொண்டுவந்தது. நூறு உழவர்கள் கொண்ட குழுவுக்கு ஐந்து லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. அதைக் கொண்டு பொதுவில் இயந்திரம் வாங்கலாம் என்பது ஏற்பாடு. வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. இந்தக் கூட்டு முறைதான் சிறு உழவரின் அரண். ஆனால் கூட்டு என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா? குழுவின் இயந்திரம் ஊர்ப் பெரியவர் ஒருவரின் கொட்டகையில் நின்று, அவருடைய தோப்பு முடிந்த பிறகே மற்றவர் கொல்லைக்கு வருமானால், அது கூட்டுறவா? பெயர்ப் பலகையில் கூட்டு. சாவியோ ஒருவர் மடியில்!

அதற்கு நாம் சொல்லும் வழி எளியது. அறுப்பு முறையை முன்கூட்டியே எழுதி எல்லோரும் காண ஒட்டி வைக்க வேண்டும். குறைந்த நிலம் உள்ளவருக்கு முதல் முறை. அவர் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். டீசல், ஓட்டுநர் கூலி, தேய்மானம் மூன்றையும் சேர்த்து மணிக்கு இவ்வளவு என்று குழு கூடி முடிவு செய்ய வேண்டும். தீவனச்சோளம் போட்டவர் முறை வந்துவிட்டது என்பதற்காக இளம்பயிரை அறுக்கக் கூடாது. பூக்காத இளஞ்சோளம் மாட்டுக்கு நஞ்சாகும். அவருக்கு முறையை மாற்றிக் கொடுக்கும் பெருந்தன்மை குழுவுக்கு வேண்டும்.

அறுக்கும் கைகளை மறக்கலாமா?

கூலிக்குப் புல் அறுத்து வாழும் பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் கதி என்ன என்று கேட்கும் தோழர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். மோயர் புல்லை வெட்டிக் கிடத்துவதோடு நின்றுவிடும். புரட்டுவது, வாருவது, கட்டுவது, போர் போடுவது எல்லாம் கையின் வேலையாகவே நிற்கின்றன. குழுவிலே அந்த வேலைகளுக்கான கூலியை முதலிலேயே பேசி எழுத வேண்டும். அரிவாளைப் பிடுங்கிவிட்டு வாரியைக் கொடுக்கும்போது கூலியைக் குறைப்பது நியாயமல்ல. இயந்திரத்தால் மிச்சமான காசில் அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு.

உடம்பின் காவலையும் சொல்ல வேண்டும். கதிரடிக்கும் இயந்திரங்களில் கையையும் விரலையும் இழந்தவர்கள் பெருகிய பிறகே, 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சட்டம் வருமுன் கை போய்விடுகிறது. மோயரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். நொடிக்கு ஒன்பது சுற்று. தோளில் கிடக்கும் துண்டின் நுனியோ சேலை முந்தானையோ அதில் பட்டால், கை நீட்டி இழுப்பதற்குள் ஆளையே சுருட்டிவிடும். தண்டின் மேல் மூடி இல்லாத இயந்திரத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அடைத்த புல்லை எடுக்க, இஞ்சினை நிறுத்தாமல் கையை விடவேண்டாம். பிரஷ் கட்டர் பிடிப்பவர் கண்ணாடியும், காலுக்குக் கெட்டிச் செருப்பும் இல்லாமல் கொல்லையில் இறங்க வேண்டாம். சுழல் கத்தி ஓடும்போது அருகே பிள்ளைகள் நிற்கவே வேண்டாம்.

தோழர்கள் செய்ய வேண்டியது

கொடி கட்டுவதும் கூட்டம் நடத்துவதும் மட்டுமே கழகப் பணி அல்ல, கட்சிப் பணி அல்ல. ஊரிலே ஒருவர் தவறான கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் தடுப்பதும் அரசியல்தான். அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு கிளையும் ஓர் ஏடு போடட்டும்: ஊரில் எத்தனை மாடு, எவ்வளவு பாசனப் புல், எவ்வளவு காய்புல், யாரிடம் எத்தனைக் குதிரைத்திறன் டிராக்டர். இந்த ஏடு கையில் இருந்தால் எந்த விற்பனையாளரும் நம்மை ஏய்க்க முடியாது. இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கித் தோப்புக் கற்களைப் பொறுக்கிக் குவிக்கட்டும். பணம் செலவில்லாமல் கத்தியின் ஆயுள் கூடும்.

கடைக்குப் போகிறவர் தனியே போக வேண்டாம். இயந்திரம் தெரிந்த ஆலைத் தோழர் ஒருவர் உடன் போகட்டும். கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்தே. இதன் எடை என்ன, என் டிராக்டரின் தூக்கும் திறன் என்ன? பி.டி.ஓ. தண்டில் எத்தனைக் குதிரைத்திறன் வேண்டும், எத்தனைச் சுற்று வேண்டும்? உதிரிப் பாகம் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ கிடைக்குமா? மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலும், ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்துக் கார்லதின்னேயிலும் இருப்பவை போன்ற அரசுச் சோதனை நிலையங்களின் அறிக்கை இதற்கு உண்டா? என் கொல்லைக்கு வந்து, என் கல்லின் நடுவே, என் டிராக்டரில் மாட்டி அரை ஏக்கர் அறுத்துக் காட்டுவீர்களா?

கடைசிக் கேள்விக்குத் தயங்குகிறவரிடம் எதையும் வாங்க வேண்டாம். கண்காட்சித் திடலின் புல்தரையில் எந்த இயந்திரமும் அழகாக ஓடும். பர்கூர்க் கொல்லையில் ஓடுகிறதா என்பதுதான் நமக்கு வேண்டும். முக்கால் சென்ட்டானாலும் மூன்று ஏக்கரானாலும் நிலத்தை அளந்தபின் இயந்திரத்தை அளப்போம். இயந்திரத்தை அளந்தபின் கடனை அளப்போம். இந்த வரிசை மாறாதிருந்தால், தலைச்சுமை இறங்கிய வீட்டில் கடன்சுமை ஏறாது.